வேலூரிலிருந்து மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு: முதுகலைப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதும் அதற்குத் தயாராவதும்

மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்று நினைக்கும் மாணவர்களுக்கு வேலூரில் குறைவில்லை. ஊரீசு கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, டி.கே.எம். மகளிர் கல்லூரி, ஆக்சிலியம் கல்லூரி என்று எங்கிருந்து வந்தாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "முதுகலைக்கு எங்கே சேரலாம்?" அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த வேலை, எந்த மொழிகள் என்ற இரண்டையும் முடிவு செய்த பிறகுதான் கல்லூரியைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிப் போட்ட பலர் இரண்டு ஆண்டு படித்து, பட்டத்தையும் வாங்கிக்கொண்டு, எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு வேலை செய்வது என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எழுத்தா, பேச்சா?

எழுத்தை மொழிபெயர்ப்பதும் பேச்சைப் பெயர்ப்பதும் இரண்டு வேறு தொழில்கள். எழுத்தில் அகராதியைப் புரட்டலாம், மறுநாள் காலையில் எடுத்துத் திருத்தலாம், தெரிந்தவரிடம் கேட்கலாம். பேச்சில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. பேசுபவர் நிறுத்தியதும் தொடங்க வேண்டும். சில வேளைகளில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தொடங்க வேண்டும்.

பேச்சுப் பெயர்ப்பை உரைபெயர்ப்பு என்று சொல்வோம். அதிலும் வகைகள் உண்டு. பேசுபவர் சில நிமிடம் பேசி நிறுத்த, குறிப்பெடுத்தவர் அதை மறுமொழியில் சொல்வது தொடர் உரைபெயர்ப்பு. கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகப் பெயர்ப்பது உடன்நிகழ் உரைபெயர்ப்பு. 1945-இல் தொடங்கிய நூரம்பர்க் விசாரணைகளில் நான்கு மொழிகளுக்கிடையே பெரிய அளவில் நடந்த பிறகுதான் அது உலகம் அறிந்த தொழிலாயிற்று. மூளை விரைவில் களைத்துவிடும் வேலை என்பதால் அறைக்கு இருவராக உட்கார்ந்து 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். மருத்துவரும் நோயாளியும், தணிக்கையாளரும் தொழிலாளியும் போல இருவருக்கு நடுவே நின்று இரு பக்கமும் பெயர்ப்பது மூன்றாவது வகை. நம் மாவட்டத்தில் மிகுதியாகத் தேவைப்படுவது இந்த மூன்றாவதுதான்.

உங்களுக்கு எது பொருந்தும் என்று அறிய எளிய சோதனை இருக்கிறது. வானொலியில் ஐந்து நிமிடச் செய்தியைக் கேட்டு, குறிப்பில்லாமல், வரிசை மாறாமல் இன்னொரு மொழியில் சொல்லிப் பாருங்கள். அடுத்து ஒரு பக்கக் கட்டுரையை எழுத்தில் மொழிபெயர்த்து மூன்று முறை திருத்துங்கள். மூன்றாம் திருத்தத்தில் உற்சாகம் கூடுகிறவர்கள் எழுத்துக்காரர்கள். செய்தியைச் சொல்லி முடித்ததும் இன்னொன்று கேட்கத் தோன்றினால் பேச்சின் பக்கம் போங்கள்.

எந்த மொழிகள்? சுற்றிப் பாருங்கள்

தொழில்முறை மொழிபெயர்ப்பில் ஒரு பொது விதி உண்டு: மொழிபெயர்ப்பாளர் தன் வலுவான மொழிக்குள் பெயர்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அது ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு என்று ஆகும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஆங்கில வழியில் படித்து வந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் தாங்கள் பலவீனம் என்று நினைத்து அதற்கே முழு நேரத்தையும் கொடுக்கிறார்கள். அவர்களுடைய தமிழைப் படித்தால் ஒற்று மிகும் இடம் தெரியவில்லை, வாக்கியம் முடியும் முன்பே எழுவாய் தொலைந்துவிடுகிறது. ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் போதும். தமிழை எழுதும் ஆற்றல் அதைவிடப் பல மடங்கு வேண்டும். ஆண்டுக்கணக்கில் நல்ல உரைநடையைப் படிப்பதைத் தவிர அதற்குக் குறுக்குவழி எதுவும் நான் அறியவில்லை.

இனி மூன்றாவது மொழி. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதில் பெரிய வாய்ப்பு இருக்கிறது. அதை நாமே மதிப்பதில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சு இந்தியில் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. தேவநாகரி எழுத்தையும் அலுவலக இந்தியின் வடமொழிச் சொற்களையும் கற்றால் இந்தி, உருது இரண்டும் தொழில் மொழிகளாகிவிடும். காட்பாடி, குடியாத்தம் பக்கத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை வட ஆற்காட்டின் பகுதியாகவே இருந்தது. எல்லைக்கு இருபுறமும் நிலமும் உறவும் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இன்றும் தெலுங்கு ஆவணங்களைத் தமிழிலும் தமிழ் ஆவணங்களைத் தெலுங்கிலும் பெயர்க்கும் தேவை இருக்கிறது.

வேலூர் நகரில் வங்காளி மொழியை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையகம் இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து, மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், பீகார், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகளை வரவழைக்கிறது. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மருந்துக்கடை, உணவகப் பலகைகளை வங்காளி எழுத்தில் பார்க்கிறோம். தமிழும் ஆங்கிலமும் வங்காளியும் முறையாகத் தெரிந்து, மருத்துவச் சொற்களும் அறிந்த ஒருவருக்கு இந்த ஊரில் வேலை இல்லாமல் போகாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஐரோப்பிய மொழிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டு வணிகர்களோடு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்கிறார்கள். பிரெஞ்சோ ஜெர்மனோ பிடித்திருந்தால் தாராளமாகக் கற்கலாம். ஆனால் உள்ளூர்த் தோல் தொழிலை நம்பிக் கற்க வேண்டாம். ஜப்பானிய மொழி வேறு கதை. சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் இருக்கின்றன. ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வில் என்2 நிலையை (ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவது) தொட்டவரைத்தான் அங்கே உரைபெயர்ப்பாளராக மதிப்பார்கள். தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினைச்சொல் வாக்கியக் கடைசியில் வருவதால் நம்மவர்களுக்கு அதன் அமைப்பு எளிதில் பிடிபடும்.

ஐக்கிய நாடுகள் சபைக் கனவு இருந்தால் ஓர் உண்மையை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே அலுவல் மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானியம். தமிழ் அவற்றில் இல்லை.

எங்கே, எதைப் படிப்பது?

தமிழை ஒரு மொழியாக வைத்து உடன்நிகழ் உரைபெயர்ப்பை முழுநேரமாகக் கற்றுத்தரும் முதுகலைப் படிப்பைத் தேடி அலைய வேண்டாம். ஆங்கிலம், பிரெஞ்சு, சீனம் போன்ற மொழிகளுக்கு ஜெனீவாவிலும் பாரிஸிலும் இருக்கும் வகைப் பள்ளி தமிழுக்கு அமையவில்லை. அதனால் நம் வழி கூட்டுவழி: ஒரு முதுகலைப் பட்டம், அதோடு மொழிபெயர்ப்பில் ஒரு பட்டயம், இரண்டுக்கும் இணையாகச் சொந்தப் பயிற்சி. மூன்றில் எது குறைந்தாலும் தொழிலில் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டுக்குள் முதலில் பார்க்க வேண்டியது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம். 1981-இல் தொடங்கப்பட்ட அங்கே மொழிபெயர்ப்புக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எழுத்துப் பணி செய்ய விரும்புபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மொழி எப்படி இயங்குகிறது என்ற ஆர்வம் உள்ளவர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையத்தையும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையையும் பாருங்கள். கணினி மொழியியல், பேச்சுத் தொழில்நுட்பம் என்று வேலைகள் விரிவதால் மொழியியல் முதுகலை இன்று முன்னைவிடப் பயனுள்ளது.

வெளி மாநிலம் போக முடிந்தவர்களுக்கு ஹைதராபாத் பல்கலைக்கழகம் நல்ல இடம். அங்கே பயன்பாட்டு மொழியியலையும் மொழிபெயர்ப்பியலையும் ஒரே மையத்தில் வைத்திருக்கிறார்கள்; முனைவர் பட்டம் வரை மொழிபெயர்ப்பியலில் போகலாம். அதே நகரின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் அயல்மொழி வழியாகத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஏற்றவை. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சேர்க்கை சியுஇடி முதுகலை நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. இளங்கலை இறுதியாண்டு தொடங்கும்போதே அதன் அறிவிப்பைக் கவனிக்கத் தொடங்குங்கள். விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும்.

வீட்டை விட்டுப் போக முடியாதவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மொழிபெயர்ப்புக்கென்று தனிப் புலம் உண்டு. ஆங்கிலம்-இந்தி மொழிபெயர்ப்பில் முதுகலைப் பட்டயம், வங்காளி-இந்தி, மலையாளம்-இந்தி மொழிபெயர்ப்பில் முதுகலைச் சான்றிதழ் என்று படிப்புகள் வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு நேரடியாக உதவாவிட்டாலும், மேலே சொன்ன உருது வீட்டுப் பிள்ளைகளுக்கும் வங்காளி கற்றவர்களுக்கும் இவை அருமையானவை.

மைசூரு இந்திய மொழிகளின் மத்திய நிறுவனத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1969-இல் அமைக்கப்பட்ட அந்த நிறுவனத்தில்தான் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் இயங்குகிறது. உயர்கல்விப் பாடநூல்களை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவருவதும் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பயிற்சி தருவதும் அதன் பணி. சென்னையிலிருந்து மைசூரு போகும் சதாப்தி காட்பாடியில் நிற்கிறது. ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வருவது நமக்குக் கடினமே இல்லை.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஓராண்டு. உரைபெயர்ப்புப் படிப்புகள் குறிப்பிட்ட மொழிகளுக்குத்தான் நடக்கும். தமிழைச் சேர்த்துக்கொள்வார்களா, தமிழுக்கு ஆசிரியர் வைப்பார்களா என்று எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வில் 7 அல்லது அதற்கு மேல் கேட்பது வழக்கம். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும் என்பதால், இளங்கலை முடித்த கையோடு அதை நினைக்க வேண்டாம். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், இங்கே இரண்டு ஆண்டு தொழில் செய்துவிட்டு அப்போதும் ஆசை இருந்தால் போகலாம் என்பது என் கருத்து.

எந்தப் படிப்பாக இருந்தாலும் பாடத்திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள். மொழிபெயர்ப்புக் கோட்பாட்டுக்கு எத்தனை தாள், செய்முறைக்கு எத்தனை? ஆசிரியர்களில் யாராவது தொழிலாக மொழிபெயர்க்கிறவரா? கணினிக் கருவிகள் கற்றுத்தரப்படுகின்றனவா? மாணவரின் மொழிபெயர்ப்பைத் திருத்தித் திருப்பித் தருகிறார்களா, மதிப்பெண் மட்டும் போடுகிறார்களா? கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியம். திருத்தப்படாத மாணவர் முன்னேறுவதில்லை. முன்னாள் மாணவர் இருவரையாவது தேடிப் பிடித்து இதைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செவிலியர் படிப்போ சட்டமோ மருந்தியலோ முடித்தவர்கள் தங்களுக்கும் இந்தத் தொழிலுக்கும் தொடர்பில்லை என்று ஒதுங்குகிறார்கள். உண்மையில் அவர்கள்தான் முன்வரிசையில் இருக்கிறார்கள். துறை அறிவோடு மொழியை வளர்த்துக்கொள்வது, மொழி அறிவோடு மருத்துவத்தை வளர்த்துக்கொள்வதைவிட எளிது.

சேர்வதற்கு முந்தைய ஆறு மாதம்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். நல்ல கல்லூரி கிடைக்காமல் போகலாம், பயிற்சி எல்லோருக்கும் கிடைக்கும்.

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் மேல்நிலைப் பாடநூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி என இரண்டு பதிப்பாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பாடம், ஒரே வரிசை. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலை ஆங்கிலத்தில் ஒரு பத்தி படித்து, தமிழில் நீங்களே எழுதி, பிறகு தமிழ்ப் பதிப்போடு ஒப்பிடுங்கள். கலைச்சொற்கள் மனத்தில் பதிவதோடு, எங்கே பாடநூலின் தமிழ் முறுக்கிக்கொண்டு போகிறது, எங்கே நீங்கள் அதைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் என்பதும் தெரியும். பொருளியல், வணிகவியல் நூல்களையும் இப்படியே செய்யலாம்.

அரசு நடைக்குப் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் செய்திக் குறிப்புகளைப் பயன்படுத்துங்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளியாகின்றன. சட்ட நடைக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. 2019 முதல் இந்திய மொழிகளில் அவற்றை வெளியிடுகிறார்கள். இவற்றை முன்மாதிரி என்று அப்படியே பின்பற்றாமல், எது நன்றாக வந்திருக்கிறது, எது வரவில்லை என்று பக்க ஓரத்தில் குறித்து வாருங்கள். இன்னொருவரின் மொழிபெயர்ப்பைத் திருத்தும் பழக்கம் பின்னாளில் சோறு போடும் திறமை.

சொல்லுக்கு சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ் அகராதியும், தற்காலத் தமிழ் வழக்குக்கு க்ரியா அகராதியும், புதிய கலைச்சொற்களுக்குத் தமிழ்நாடு அரசின் சொற்குவைத் தளமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்பும் போதும். கண்ட சொல்லை எல்லாம் ஏற்காதீர்கள். காட்பாடியில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு அந்தச் சொல் புரியுமா என்று கேட்டுப் பாருங்கள். புரியாவிட்டால், அவர் படிக்க வேண்டிய ஆவணத்தில் அதை வைக்காதீர்கள்.

உரைபெயர்ப்புக்குப் போகிறவர்கள் காதையும் நாக்கையும் பழக்க வேண்டும். முதலில் நிழல் பயிற்சி: வானொலிப் பேச்சை அதே மொழியில், ஓரிரு சொல் பின்தங்கி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருவது. பத்து நிமிடம் தடுமாறாமல் வந்த பிறகு, பேச்சைக் கேட்டு முடித்துச் சுருக்கிச் சொல்வது. அதன் பிறகுதான் மொழி மாற்றம். செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் உரக்கப் படிப்பதும் நல்ல பயிற்சி. தேர்வுகளிலும் இதைக் கேட்பார்கள்.

எண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். ஆங்கிலத்தில் மில்லியன், பில்லியன் என்று வருவதை இலட்சம், கோடியாக மாற்றும்போது பழகாதவர் கட்டாயம் தவறுவார். 2.5 மில்லியன் 25 இலட்சம், 1.2 பில்லியன் 120 கோடி. இதைக் கணக்குப் போட்டு மாற்ற நேரம் இருக்காது, பார்த்ததும் வாயில் வர வேண்டும். நிதிநிலை அறிக்கை உரையை எடுத்து எண்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பயிற்சி செய்யுங்கள். குறிப்பெடுக்கும்போதும் சொற்களை முழுதாக எழுதாமல் எண், பெயர், தேதி, காரண-விளைவுத் தொடர்பு ஆகியவற்றை மட்டும் எழுதப் பழகுங்கள். மற்றதை நினைவு தாங்கும்.

தமிழ்-ஆங்கில உரைபெயர்ப்பின் உண்மையான கடினம் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. "காய்ச்சல் குறைந்து, இரத்தப் பரிசோதனை முடிவும் சரியாக வந்தால் ஒழிய, நாளைக்கு அறுவை சிகிச்சை செய்ய முடியாது" என்று தமிழில் மருத்துவர் சொல்கிறார். 'முடியாது' என்பது கடைசியில்தான் வருகிறது. ஆங்கிலத்தில் அந்த மறுப்பு வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வர வேண்டும். உடன்நிகழ் உரைபெயர்ப்பாளர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? அனுபவசாலிகள் இதைத் துண்டு துண்டாக உடைப்பார்கள்: காய்ச்சல் குறைய வேண்டும், பரிசோதனை சரியாக வர வேண்டும், இரண்டும் நடந்தால்தான் நாளைக்கு அறுவை சிகிச்சை. பொருள் மாறவில்லை, காத்திருப்பும் இல்லை. இந்த உடைக்கும் கலையைத் தினமும் பத்து வாக்கியம் எடுத்துப் பழகுங்கள். தமிழிலிருந்து தெலுங்குக்கோ இந்திக்கோ வங்காளிக்கோ போகும்போது இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும், ஏனென்றால் அவற்றிலும் வினை கடைசியில்தான்.

மருத்துவமனையில் நடுவே நிற்பவர்

வேலூரில் பயிலும் மாணவர் மருத்துவ உரைபெயர்ப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் போகக் கூடாது என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

தொலைவிலிருந்து வரும் நோயாளிக்காக உறவினரோ, கூட வந்த இளைஞரோ, சில நேரம் பள்ளிப் பிள்ளையோ பேசுவது உலகெங்கும் நடப்பதுதான். அவர்கள் அன்போடு செய்கிறார்கள். ஆனால் அன்பே அங்கே இடைஞ்சலாகும். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லும்போது மகன் அதை "கட்டி" என்று மாற்றிச் சொல்வார். மாதவிடாயைப் பற்றிக் கேட்டால் தம்பி தலையைக் குனிந்துகொள்வான். நோயாளி இரண்டு நிமிடம் சொன்னதை "வலிக்கிறதாம்" என்று ஒரு சொல்லில் முடிப்பார்கள். பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அவருடைய நெறிகள் சில. நோயாளி "எனக்கு மூச்சு வாங்குகிறது" என்றால் அவரும் தன்மையிலேயே, "எனக்கு" என்றே சொல்வார். "அவருக்கு மூச்சு வாங்குகிறதாம்" என்று சொல்ல மாட்டார். எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். புரியாவிட்டால், தான் கேட்பதாக இரு பக்கமும் தெரிவித்துவிட்டு விளக்கம் கேட்பார். மருத்துவ ஆலோசனை தன் பங்குக்குச் சொல்லவே மாட்டார். அறையில் கேட்டதை வெளியே யாரிடமும் பேச மாட்டார். மருந்தளவு வரும்போது எண்ணை இரு பக்கமும் திரும்பச் சொல்லி உறுதி செய்வார், 0.5 மில்லிகிராமுக்கும் 5 மில்லிகிராமுக்கும் இடையே பத்து மடங்கு இருக்கிறது.

முதுகலை ஆய்வேட்டுக்கு இந்தக் களத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். சம்மதப் படிவங்களின் தமிழ், மருந்து உறைகளின் குறிப்புகள், தொலைபேசி வழி உரைபெயர்ப்பு என்று ஆய்வுக்குப் பொருள் நிறைய இருக்கிறது. நோயாளிகளிடம் பேசுவதானால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஓர் அடி கூட வைக்காதீர்கள்.

தொழிற்சாலைத் தணிக்கையும் இதைப் போன்றதுதான். வெளிநாட்டு வணிக நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் காலணித் தொழிற்சாலைகளுக்கு வந்து தொழிலாளிகளோடு தனியே பேசும்போது நடுவே நிற்பவர் மேலாளரின் ஆளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. நடுநிலை இங்கே ஒழுக்கம் மட்டுமல்ல, தொழில் தகுதியும்கூட.

கருவிகளும் எந்திர மொழிபெயர்ப்பும்

டிராடோஸ், மெமோக்யூ போன்ற மென்பொருள்கள் நீங்கள் முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்களை நினைவில் வைத்து, அதே வாக்கியம் மறுபடி வரும்போது எடுத்துக் கொடுக்கும். ஒமேகாடி என்பது கட்டணமில்லாதது. மாணவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள். கூடவே, முதல் வேலையிலிருந்தே உங்கள் சொற்பட்டியலை ஓர் எக்செல் தாளில் சேர்த்து வாருங்கள்: மூலச் சொல், தமிழ்ச் சொல், எந்த வாடிக்கையாளருக்கு, ஏன் இந்தச் சொல்.

எந்திரங்கள் வந்துவிட்ட பிறகு இந்தப் படிப்பு வீணா என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். ஒன்றிய அரசின் பாஷினித் திட்டம் உட்பட, எந்திர மொழிபெயர்ப்பு தமிழில் வேகமாகத் தேறிவருகிறது. சாதாரணக் கடிதங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பது இனி கடினம். எந்திரம் தந்ததைத் திருத்தும் வேலை பெருகியிருக்கிறது. அதற்குச் சொல்லுக்கான விலை குறைவு. மாறாக, தவறினால் யாராவது பொறுப்பேற்க வேண்டிய இடங்களில் மனிதரின் கையெழுத்து இன்னும் தேவைப்படுகிறது: மருத்துவம், நீதிமன்றம், பாடநூல், இலக்கியம். அந்த இடங்களுக்குத் தகுதியாவதற்காகத்தான் முதுகலை படிக்கச் சொல்கிறேன்.

வேலைகள், சான்றிதழ்கள்

பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்தி மொழிபெயர்ப்பாளர் தேர்வுக்கு இந்தியும் ஆங்கிலமும் உரிய முறையில் அமைந்த முதுகலைப் பட்டமும், மொழிபெயர்ப்புப் பட்டயமோ இரண்டு ஆண்டு அனுபவமோ வேண்டும். தாள் இரண்டு, முதலாவது கொள்குறி வகை, இரண்டாவது மொழிபெயர்ப்பும் கட்டுரையும், ஒவ்வொன்றுக்கும் 200 மதிப்பெண். மாநிலங்களவையில் 2018 முதல் அட்டவணை மொழிகள் 22-இலும் உறுப்பினர்கள் பேசலாம், அதற்கு உரைபெயர்ப்பு உண்டு; நாடாளுமன்றச் செயலக அறிவிப்புகளை உரைபெயர்ப்புக்காரர்கள் பார்த்துவர வேண்டும். நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் பணியிடங்கள் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் பதிவானால் அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதைத் தொடர்கிறது. வானொலிச் செய்திப் பிரிவுகளில் தற்காலிகமாகச் செய்தி வாசிப்பாளர் மற்றும் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைப்பதுண்டு. கற்றுக்கொள்ள அதைப் போன்ற இடமில்லை.

இலக்கியம் பக்கம் போகிறவர்களுக்குச் சாகித்திய அகாதெமி 1989 முதல் மொழிபெயர்ப்புக்கெனப் பரிசு தருகிறது. 2023-இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியோடு தமிழ்நாடு அரசு மொழிபெயர்ப்பு நல்கையும் தருகிறது. இலக்கியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். இன்னொரு வருமானத்தை வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்யுங்கள்.

உலகச் சந்தையில் மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 என்ற தரநிலையை நிறுவனங்கள் கேட்கும். அதன்படி மொழிபெயர்ப்பில் பட்டம், அல்லது வேறு துறைப் பட்டத்தோடு இரண்டு ஆண்டு முழுநேர அனுபவம், அல்லது ஐந்து ஆண்டு முழுநேர அனுபவம் இருந்தால் தகுதி. முதுகலை உங்களுக்கு மிச்சப்படுத்தும் காலம் எவ்வளவு என்று இதிலேயே தெரிகிறது. மொழிபெயர்ப்பாளருக்கும் உரைபெயர்ப்பாளருக்கும் ஆஸ்திரேலியா தரும் நாட்டி சான்றிதழ் தமிழுக்கும் உண்டு. ஆனால் குடியேற்றப் புள்ளிக்காக எழுதும் சிசிஎல் தேர்வு தொழில் சான்றிதழாகாது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் மருத்துவ உரைபெயர்ப்புச் சான்றிதழுக்குக் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சியைக் கேட்கிறார்கள். தொலைபேசி வழி வேலைகளுக்கு அந்தப் பயிற்சி இங்கிருப்பவருக்கும் உதவும்.

உள்ளூரில் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை விசாவுக்காக மொழிபெயர்க்கும் வேலை எப்போதும் வரும். 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டம் ஆவணத்தை மொழிபெயர்க்கவும் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும் நோட்டரிக்கு அதிகாரம் தருகிறது. நகரில் ஒரு நல்ல நோட்டரியோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்க்காமல் எந்தச் சான்றிதழையும் கையிலிருந்து விடாதீர்கள்.

முதல் வேலை வரும்போது

கட்டணம் பெரும்பாலும் மூலப் பிரதியின் சொல் எண்ணிக்கைக்குப் பேசப்படும்; உரைபெயர்ப்புக்கு அரை நாள், முழு நாள் என்ற கணக்கு. புதியவர் ஒரு நாளில் தரமாகச் செய்யக்கூடியது 2,000 சொற்களுக்கு மேல் போகாது. அதற்கு மேல் ஒப்புக்கொண்டால் திருத்தும் நேரத்தைத்தான் தின்பீர்கள். சொல் எண்ணிக்கை, விலை, ஒப்படைக்கும் நாள், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், பணம் எப்போது வரும் என்ற ஐந்தையும் மின்னஞ்சலில் உறுதி செய்த பிறகே தொடங்குங்கள். 'மாதிரிக்கு' என்று இலவசமாகக் கேட்டால் 250 சொல் வரை செய்து கொடுக்கலாம்; இருபது பக்கத்தை மாதிரி என்று கேட்பவரிடம் பணிவாக மறுத்துவிடுங்கள். நிறுவனங்கள் 30 முதல் 60 நாள் கழித்துப் பணம் தருவது வழக்கம் என்பதால், முழுநேரமாக இறங்கும் முன் மூன்று மாதச் செலவுக்காவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.